கோமதி வகுப்பில் ஓயாமல் பேசுகிறாளாம்!

இன்று காலை சிப்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன்!

“கோமதி அம்மாவா? ஹெச்.எம். உங்கள உடனே வரச் சொல்லுதாங்க.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

ஐந்தருவி போகும் சாலையில்தான் எங்கள் கடை. சீசன் நேரம், ஈரத் தலையோடு ஒரே கூட்டம். பாதி நிறுத்த நேந்திரங்காய் சிப்ஸை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு தென்காசி பஸ்ஸைப் பிடித்தேன். (எடை குறைந்திருந்தால் மன்னிக்கவும் அண்ணாச்சி!)

என் மகள் கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டில் சைகை மொழிதான்.

முன்பு படித்த பள்ளியிலும் இப்படித்தான் ஒரு நாள் கூப்பிட்டார்கள். “ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துருங்கம்மா, மத்த பிள்ளையளுக்குப் படிப்பு கெடுது” என்று டிசியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இங்கேயும் அதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். பஸ்ஸில் வசனம் தயார் செய்தேன். முதலில் கெஞ்சுவது, முடியாவிட்டால் சண்டை. (சண்டை வசனம்தான் நன்றாக வந்தது.)

ஹெச்.எம். அறையில் கோமதியும், அவள் பெஞ்சில் உட்காரும் ஆயிஷாவும் இசக்கியும் தலையைக் குனிந்து நின்றார்கள். பக்கத்தில் கணக்கு சார், கடுகடுவென்று.

கெஞ்சும் வசனத்திலிருந்தே தொடங்கினேன்.

“என்ன மேடம் செஞ்சா?”

“கிளாஸ்ல ஓயாம பேசுதா!”

“யாரு மேடம்... இவளா?!”

சார் பொங்கிவிட்டார்.

“கிளாஸையே கெடுத்து வச்சிருக்காம்மா! அம்புட்டு பேருக்கும் சைகை கத்துக் குடுத்திருக்கா. அது தெரியாம, எங்கிளாஸ் மாதிரி அமைதியான கிளாஸ் உண்டுமான்னு ஸ்டாஃப் ரூம்ல பெருமை அடிச்சுக்கிட்டுக் கெடந்தேம்லா! நேத்து டெஸ்ட்டுல எல்லாருக்கும் ஒரே விடை. அதுவும் தப்பான விடை!”

சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“எனக்குப் பேரு வேற வச்சிருக்கா!”

(சைகை மொழியில் ஆளுக்கொரு பெயர் உண்டு. அவரவர் பழக்கத்தைப் பார்த்து ஒரு சைகை வைப்போம்.)

“என்ன பேரு சார்?”

இசக்கிதான் இரண்டு கையாலும் பேன்ட்டைத் தூக்கிவிடுவதுபோல் காட்டினாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து சார் தன் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டார்!

ஹெச்.எம். எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்தார். நிமிர வெகு நேரம் ஆனது.

“மூணு பேருக்கும் தண்டனை உண்டு. தினமும் மத்தியானம் லைப்ரரி புக்கை எல்லாம் அடுக்கணும்.”

“கோமதிக்குமா மேடம்?”

“பின்ன? அவ மட்டும் என்ன உசத்தியா?”

என் கண் நிறைந்துவிட்டது. டிசி இல்லை! எல்லாப் பிள்ளைகளையும் போல என் பிள்ளைக்கும் தண்டனை! இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஹெச்.எம். விடவில்லை. “அடுத்த வருசம் இவளுவள வேற வேற செக்‌ஷன்ல பிரிச்சுப் போட்டாத்தான் சரிப்படும்.”

அதைக் கோமதிக்குச் சைகையில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, விறுவிறுவென்று ஏதோ கேட்டாள்.

“என்ன சொல்லுதா?” என்றார் ஹெச்.எம்.

“‘அப்போ மூணு செக்‌ஷனுக்கும் கத்துக் குடுத்துரலாமா?’ன்னு கேக்கா மேடம்.”

சார் பதறிவிட்டார். “வேண்டாம் மேடம்! மூணும் எங்கிளாஸ்லயே கெடக்கட்டும்!”

பள்ளிக்கூட வாசல் கடையில் அல்வா வாங்கி, மூன்று பேர் கையிலும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிள்ளை மேல் கம்ப்ளெயின்ட் வந்ததற்கு ஸ்வீட் வாங்கிய அம்மா நான் ஒருத்திதானா, வேறு யாரும் உண்டா?