அமுதாவின் இடது கண்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குப் பழகாத ஒன்று, இவர்கள் மூக்குச் சிந்தும் விதம். அலுவலகக் கூட்டத்தின் நடுவிலும் சாப்பாட்டு மேசையிலும் பக்கத்தில் இருப்பவர் திடுக்கிடும்படி சிந்துவார்கள்; யாரும் முகம் சுளிப்பதில்லை. உறிஞ்சினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அடி அண்ணாமலையில் நாங்கள் உறிஞ்சியே வளர்ந்தோம். பிள்ளைகளுக்குச் சளி ஒழுகுவதை அங்கே யாரும் நோயில் சேர்த்ததில்லை.

சென்ற மாதம் மாடிப்படியில் பக்கத்து வீட்டு சபீனாவையும் அவளுடைய ஐந்து வயது மகளையும் பார்த்தேன். குழந்தைக்கு இரண்டு வாரமாகச் சளி. இருமல் சுவர் தாண்டிக் கேட்கும். அன்று ஒரு கண்ணிமை சிவந்து வீங்கியிருந்தது. "இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். கட்டளை போட்டதுபோல் ஒலித்திருக்க வேண்டும். "கொசு கடித்திருக்கும். நீங்கள் மருத்துவரா?" என்று சிரித்தாள். இல்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.

அமுதா என் தங்கை. ஊரில் அது நடந்தபோது அவளுக்கு ஏழு வயது. நான் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்து அட்டையை வாசிக்கத் தெரிந்ததால் மருத்துவமும் எனக்குத் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன். நாள்கணக்கில் சளியும் தலைவலியுமாகக் கிடந்தவளுக்கு ஒரு காலையில் கண் வீங்கியது.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாமாடி?" என்றாள் அம்மா.

"மெட்ராஸ் ஐதாம்மா. ஸ்கூல்ல பாதிப் பேருக்கு இருக்குது. என் சொட்டு மருந்து மீதி கீது, போட்டா சரியாப்பூடும்."

"கண்ண அசைச்சா வலிக்குதுன்றா."

"உனுக்கு இன்னா தெரியும்? சும்மா இரும்மா."

"படிச்ச புள்ள சொல்லுது, வுடு" என்றார் அப்பா.

மூன்று நாள் சொட்டு மருந்து விட்டேன். நான்காம் நாள் கண் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. திருவண்ணாமலையில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் தேங்கிய சீழ் கண்ணுக்குப் பின்னால் பரவிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் மூளைக்கும் போயிருக்கும் என்றார் மருத்துவர். அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். இடது கண்ணின் பார்வை திரும்பவில்லை. "ஏம்மா, முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று அவர் அம்மாவைத்தான் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியலங்க" என்றாள்.

மாடிப்படியில் பேசி ஒரு வாரம் கழித்து சபீனா கேக்கோடு வந்தாள். பேசிய அன்றே மாலை மகளுக்குக் காய்ச்சல் ஏறவே பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறாள். நரம்பு வழியே மருந்து ஏற்றி, கண் தப்பிவிட்டது. "இதையெல்லாம் படித்திருக்கிறீர்கள், அப்படித்தானே?" என்றாள். நம் ஊர் வழக்கப்படி, ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் தலையை ஆட்டினேன். அவள் அதை ஆமென்று எடுத்துக்கொண்டாள்.

விடுமுறையில் ஊருக்குப் போனால் அமுதாவும் நானும் கிரிவலம் போவோம். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். சுற்றி வரும்போது மலை எப்போதும் வலப்பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஆட்டோ இடித்துவிடாமல் இருக்க நான் அவளுக்கு இடப்பக்கம் நடப்பேன். நான் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தால், பக்கத்தில் இருக்கிறேனா என்று முகத்தைத் திருப்பாமலே கேட்பாள்.

"அக்கா, கீறியா?"

"கீறேன்" என்பேன். விமானம் ஏற இன்னும் நான்கு நாள் இருக்கும்.