செத்த புரோசஸை ஏழு தரம் கொன்றது

கிளிநொச்சிச் சந்தையைத் தாண்டிக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பை, காலில் வார் அறுந்த செருப்பு. வேலை போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அது எத்தனையாவது வேலை என்று நான் எண்ணி வைப்பதில்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு லினக்ஸ் கணினி பழக்கி, வேலையும் தந்தவர் வசந்தா அக்கா. அவருடைய தட்டச்சு நிலையத்தில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு சின்ன ஜெனரேற்றர் இருந்தன. மின்விசிறியையும் பிரிண்டரையும் ஒன்றாகப் போட்டால் ஜெனரேற்றர் நின்றுவிடும். ஒன்றின் பிளக்கைக் கழற்றித்தான் மற்றதை ஓட்டுவோம்.

அன்று குளத்துத் தண்ணீர் முறைப் பட்டியல் அச்சிட வேண்டும். யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அதில்தான் இருந்தது. மறுநாள் குளத்து மதகான துருசு திறப்பதாக இருந்தது. விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் செயலாளர் செல்லத்துரை அண்ணை காலையிலிருந்து ஒவ்வொரு பெயராக வாயால் சொல்ல, அக்கா தட்டி முடித்தார். பிரிண்ட் கொடுத்துவிட்டு, தாள் வந்ததும் எடுத்துக் கொடுக்கச் சொல்லி, தேத்தண்ணி வாங்கப் போனார்.

தாள் வரவில்லை. ps அடித்துப் பார்த்தேன். கணினியில் ஓடுகின்ற வேலைகள், அதாவது புரோசஸ்கள், வரிசையாக வந்தன. ஒன்றின் பக்கத்தில் defunct என்று கிடந்தது. இதுதான் வழியை அடைக்கிறது என்று முடிவு செய்து, அதன் நம்பருக்குக் கொல்லச் சொல்லும் kill கொடுத்தேன். போகவில்லை. பிறகு அதைவிடக் கடுமையான kill -9. ஏழு தரம் கொடுத்தும் அது அப்படியே இருந்தது.

"என்ன தம்பி, பாம்போ?" என்றார், நான் விசையை ஓங்கி ஓங்கி அடிப்பதைப் பார்த்த அண்ணை.

"ஒண்டு சாகுதில்லை அண்ணை."

"தலையில போடு."

நியாயமாகப் பட்டது. ps -ef அடித்தால் ஒவ்வொரு புரோசஸுக்கும் அதைப் பெற்றது எது என்ற நம்பரும் வரும். தாயின் நம்பரைப் பிடித்து ஒரே kill -9. defunct மறைந்தது. திரையிலிருந்த பட்டியலும் மறைந்தது. அக்கா பட்டியலைத் தட்டிய புரோகிராம்தான் தாய். அவர் சேவ் பண்ணியிருக்கவில்லை.

தேத்தண்ணியோடு வந்த அக்கா திரையைப் பார்த்தார்.

"defunct எண்டால் செத்தது. செத்ததை எத்தினை தரமடா கொல்லுவாய்? செத்த ஆளின்ர பேர் அரிசிக் கூப்பன் மட்டையில வெட்டாமக் கிடக்கிற மாதிரித்தான் அது. ஆரையும் அடைக்காது."

பிறகு என் தலைக்கு மேலே பார்த்தார். மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிரிண்டரின் பிளக் தரையில் கிடந்தது.

செல்லத்துரை அண்ணை திரும்பக் கதிரையில் அமர்ந்து முதல் பெயரிலிருந்து தொடங்கினார். அக்கா என்னைப் போகச் சொன்னார். வாசலைத் தாண்டும்போது அண்ணை நடுவில் நிறுத்திக் கூப்பிட்டார்.

"அடிக்கிறதெண்டால் விருப்பம் போல கிடக்கு. இண்டைக்கே என்ர வயலுக்குப் போய் நில். விடிய மாடு உள்ளுக்குப் பூந்து பயிரைத் தின்னுது."

அங்கேதான் நடந்துகொண்டிருந்தேன். கொல்ல முன் அது யாருடையது என்று பார்க்க வேண்டும் என்பது அந்த நடையில் விளங்கியது.

விடிய வயலுக்குள் ஒரு சிவப்பு மாடு நின்று மேய்ந்தது. தடியை ஓங்கினேன். ஓங்கியபடியே சுற்றிப் போய்ப் பின்தொடையில் சுட்ட குறியைப் பார்த்தேன். செல்லத்துரை அண்ணையின் குறி. தடியைக் கீழே வைத்து, மாட்டை மேயவிட்டு, அவரைக் கூட்டிவரப் போனேன்.