பாட்டுக் கேட்க வந்தவர்கள்

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் போனது. அதுவரை காலையில் ராஜாவை வாழ்த்திப் பாடிக்கொண்டிருந்த எங்கள் பள்ளிக்கூடம், ஒரு திங்கட்கிழமை திடீரென்று தேசத்தை வாழ்த்த ஆரம்பித்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பழைய பழக்கத்தில் உளறிக் கொட்டினார்கள். எனக்குப் பழையது இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, அதனால் புதியதைத் தப்பில்லாமல் பாடினேன். "இனிமே இவளே எடுத்துக் குடுக்கட்டும்" என்றார் வாத்தியார்.

எடுத்துக்கொடுப்பது என்றால் ஒருத்தி முதல் அடியைப் பாடுவது. மற்றவர்கள் அதைக் கேட்டுச் சேர்ந்து பாடுவார்கள். அன்று பிடித்த வேலை ஹைஸ்கூல் வரை என்னை விடவில்லை. நானும் விடவில்லை. வேறு யாராவது எடுத்துக்கொடுத்தால் எனக்கு அன்று முழுக்க வயிறு எரியும்.

ஹைஸ்கூலில் பாட்டுக்கென்றே ஒரு டீச்சர் இருந்தார். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தால் நாற்பது பிள்ளைகளில் எவள் சுருதி விலகுகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"திருச்சியில போட்டி வருது. நம்ம கோஷ்டிக்கு நீதான் எடுத்துக் குடுக்கிற. ஜெயிச்சுட்டா பாட்டு டீச்சர் ட்ரெயினிங்ல எடம் வாங்கிடலாம். ஒங்க அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்றார்.

பேசவும் செய்தார். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் வயலை விட்டு நாற்காலிக்கு வந்த முதல் ஆள். "டீச்சர் சொன்னா சரிங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டிக்கு இருந்த மூன்று மாதமும் புளி, ஊறுகாய், ஐஸ் எதையும் தொடவில்லை. குளிக்கும்போதும் பாடினேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் டீச்சர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஒன் பாட்டக் கேக்க ஆளுங்க வாராங்க. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், ஒங்க வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன். மேடையேறுற பிள்ளை மாதிரி பட்டு கட்டிக்க."

திருச்சியிலிருந்து நடுவர்கள் முன்னாலேயே வந்து கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா தலைகொள்ளாமல் பூ வைத்ததும் அதற்காகத்தான் என்று நினைத்தேன். பதினாறு வயதில் இவ்வளவு மக்காகவா இருப்பாள் என்று யாரும் சிரிக்கலாம். என் தலைக்குள் அந்தப் போட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரு காரில் வந்து இறங்கினார்கள். ஒரு பெரியவர், இரண்டு பெண்கள். வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தவரை டிரைவர் என்று முடிவுகட்டினேன். டீச்சர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்குத் தோதான கட்டையில் சுருதி சேர்த்தார். பாடினேன். பெரியவர் தலையாட்டி, "அந்த ரெண்டாவது அடியை இன்னொரு தரம் பாடும்மா" என்றார். நுணுக்கம் தெரிந்த நடுவர்தான் என்று மகிழ்ந்துபோய், முதலில் பாடியதைவிட நன்றாகப் பாடினேன். எத்தனை வருஷமாகப் பாடுகிறாய் என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்று பெருமையாகச் சொன்னேன். திருச்சி என் கையில் விழுந்துவிட்டது.

மூத்த பெண் எழுந்து வந்தார். பையிலிருந்து கதம்பச் சரத்தை எடுத்து என் தலையில் வைத்து, கன்னத்தைத் தொட்டு, "எங்களுக்குப் புடிச்சிருக்குங்க" என்றார் அப்பாவிடம். காலண்டர் பார்த்தவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

நடுவர்கள் யாரும் பூ வைப்பதில்லை. டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆர்மோனியத்தின் துருத்தியைக் கொக்கி போட்டு மூடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த வாரம் கோஷ்டி திருச்சிக்குப் போனது, வேறொருத்தி எடுத்துக்கொடுத்தாள். நிச்சயமான பெண்ணை வெளியூர் அனுப்ப முடியாது என்றார்கள். சித்திரையில் அறந்தாங்கிக்கு வாழ்க்கைப்பட்டேன். காலண்டர் பார்த்தவர் தங்கமான மனுஷர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பூ வைத்த அன்று சாயங்காலம் அழுது தீர்த்துவிட்டு அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "மாப்பிள்ளை வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? வேணும்னே அபசுரமாப் பாடி வெரட்டியிருப்பேன்ல!"

அம்மா மடித்துக்கொண்டிருந்த பட்டுப் புடவையிலேயே கண்ணாக இருந்தார்.

"அதான் சொல்லல. ஒங்க அப்பா சொல்லிடலாம்னுதான் இருந்தாக. டீச்சர்தான், 'சொல்லாதீங்க, தெரிஞ்சா வேணும்னே கெடுத்துப்புடுவா, போட்டின்னு நெனச்சாத்தான் உசுரக் குடுத்துப் பாடுவா'ன்னாங்க."