இன்ஜினுக்கு அடியில் வைத்த ரப்பர்

பதுளை மோட்டார் பட்டறைகளில் இன்ஜின் பிட்டர் வேலை பார்த்த இராசையாவை ‘ரப்பர் இராசையா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிப் பெயர்தான். கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் அந்த மனிதன் பட்ட பாடு தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

பதுளைக்கு வருமுன் அவர் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சாலை இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம். தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரைக்குக் கார்ப் பைத்தியம். பசறை மலைப்பாதையில் யார் முதலில் ஏறுவது என்று துரைமார்கள் வருஷா வருஷம் பந்தயம் விடுவார்கள். போன தடவை இவர்தான் கடைசி. அதிலிருந்து மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

காரில் இரண்டு குறை. நாலு சிலிண்டர் புகையும் ஒரே குழாய்க்குள் முட்டிக்கொண்டு வெளியேறத் திணறியது. இன்ஜினைத் தாங்கும் கால்களை இரும்புச் சட்டத்தில் நேராக முடுக்கியிருந்ததால், வேகம் எடுத்தால் வண்டி மொத்தமும் தடதடவென்று ஆடியது. இராசையா சிலிண்டருக்கு ஒன்றாக நாலு புகைக்குழாய் எடுத்து, உள்ளே மணல் அடைத்து, உலையில் காய்ச்சி, பக்குவமாக வளைத்துப் பூட்டினார். ஆட்டத்துக்கு வழி சொன்னது துரை.

“ராசையா, காலுக்குக் கீழே ரப்பர் வை. ஆட்டம் நிக்கும்.”

வைத்தார். தோட்டத்தில் ரப்பர் என்றால் ஒன்றுதான். ரப்பர் மரத்துப் பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, புகையில் காய வைப்பது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கேட்டால் கிடைக்கும். சக்கரத்தில் இருப்பதை அங்கே யாரும் ரப்பர் என்று சொன்னதில்லை, அது டயர். துரை நினைத்ததோ சூடு தாங்கும் அந்த டயர் ரப்பரைத்தான். நினைத்ததைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். தகட்டை மடித்து வைத்ததும் இன்ஜின் அடங்கி ஓடியது. துரை தொழிற்சாலையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு, குழந்தை மாதிரி கை தட்டினார்.

பந்தயத்தன்று துரைக்குப் பக்கத்தில் கணபதி ஏறிக்கொண்டான். மேட்டில் பெட்ரோல் இன்ஜினுக்கு ஏற, தொட்டிக்குக் கைப்பம்பால் காற்று அடித்துக்கொண்டே வர ஓர் ஆள் வேண்டும். கணபதி, இராசையாவின் மனைவி பெரியாயிக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள் இடுப்பில் சுமந்து வளர்த்தவன். அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

பந்தயம் தொடங்கும் அடிவாரத்துக்குக் கார் இறங்கிப் போனது. சாமான்களைப் பொறுக்கக் குனிந்த இராசையா, கார் நின்று சூடேறிய இடத்தில் கருப்பாக ஏதோ சொட்டியிருப்பதைப் பார்த்தார். எண்ணெய் என்று தொட்டார். விரலில் ஒட்டி நூலாக இழுபட்டது. முகர்ந்தார். ரப்பர்.

புதுக் குழாய்கள் இன்ஜின் காலை ஒட்டித்தான் போகின்றன. நின்ற சூட்டுக்கே உருகினால், மலையேறும் சூட்டில்? இன்ஜின் ஒரு பக்கம் சரியும். பழுக்கக் காய்ந்த புகைக்குழாய் கீழே ஓடும் பெட்ரோல் குழாயின் மேல் உட்காரும். அதற்குமேல் நினைக்க அவருக்குத் தைரியமில்லை.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து இறங்கினார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெரியாயி நிமிர்ந்தாள்.

“ஏங்க, எங்க இப்புடி ஓடுறீங்க? தம்பி கார்ல ஏறிட்டானா?”

“ஏறிட்டான் புள்ள.”

நின்றால் உடைந்துவிடுவோம் என்று ஓடினார்.

பந்தயப் பாதையின் வளைவுக்கு வந்தபோது கீழேயிருந்து காரின் சத்தம் மலையை முழக்கிக்கொண்டு ஏறி வந்தது. தான் வளைத்த குழாயின் சத்தத்தை இராசையா அன்று வெறுத்தார். துரையை மறித்தால் வேலை போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். எல்லாம் தெரியும். நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

கார் கிறீச்சிட்டு, அவர் முழங்காலை உரசாத குறையாக நின்றது.

“போ! பைத்தியமா?” என்று துரை கத்தினார்.

“வெலகுங்க மச்சான்! நாமதான் முந்தி நிக்கிறோம், மானத்த வாங்காதீங்க!” என்றான் கணபதி.

“எறங்குடா! மொதல்ல நீ எறங்கு!”

இராசையா அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளினார். துரை இன்ஜினை நிறுத்திவிட்டுக் கோபத்தோடு மூடியைத் தூக்கினார். கோபம் அப்படியே நின்றுபோனது. காலுக்கு அடியில் ரப்பர் இல்லை, ஒழுகிய பிசின்தான் இருந்தது. சிவந்த புகைக்குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவே விரல் நுழையாது.

“ரப்பர் வைக்கச் சொன்னேன்.”

“ரப்பர்தாங்க வச்சேன், தொரை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் பேச்சிலும் பொய் இல்லை. அந்த நேரம் பார்த்து வேறொரு துரையின் கார் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே அவர்களைத் தாண்டியது. சின்னதுரையின் முகம் சுண்டிப்போனது. உயிர் தப்பியது சின்ன விஷயம், நாலு பேர் சிரித்தது பெரிய விஷயம்! அவருடைய கணக்கு அப்படி.

“நாளைக்குப் பத்துச்சீட்டு வாங்கிட்டுப் போ.” தோட்டத்தை விட்டு விலக்குகிறவனுக்குக் கொடுக்கும் சீட்டு அது.

அந்தியில் கணபதி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். இராசையா நடந்ததை ஒன்றுவிடாமல் பெரியாயியிடம் சொன்னார்.

“வேலய தொலைச்சிட்டேன் புள்ள. அந்த ரப்பர வச்சதும் நான்தான்.”

பெரியாயி தம்பியின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். அவன் போதும் என்றான். அவள் காதில் வாங்காமல் மறுபடியும் போட்டாள். அவன் அள்ளி அள்ளித் தின்பதைப் பார்த்தபடியே எதிரில் உட்கார்ந்து, சத்தம்போட்டு அழுதாள்.