மொன்சென்யோருக்கு மூன்று வயது

ஸ்பானிஷில் 'மொன்சென்யோர்' என்று ஒரு சொல் உண்டு. 'என் பிரபுவே' என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணப் பாதிரியாரை அப்படி அழைக்க மாட்டார்கள், அவருக்கு 'பாத்ரே' போதும். ஆயர், பேராயர் என்று மேலே போனவர்களுக்குத்தான் மொன்சென்யோர். சேலத்தில் உட்கார்ந்து ஆன்லைனில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் நான், அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவரை நேரில் கூப்பிடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

போன வருஷம் தென் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆயர், தம் வறண்ட ஊர்களுக்கு போர்வெல் போட ரிக் வண்டி வாங்கத் திருச்செங்கோட்டுக்கு வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். துளை போட்ட டிரில்லரின் கைவாகைப் பார்த்துவிட்டு, வண்டியோடு இந்த ஆளும் வேண்டும் என்று ஆயர் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷம் தங்கி அங்குள்ள பையன்களுக்குப் பழக்கித்தர வேண்டுமாம்.

டிரில்லர் தலையைச் சொறிந்தார். "முடியாதுங்க சாமி. ஊட்டுல புள்ள சின்னதுங்க சாமி."

"என்னை என்னவென்று அழைக்கிறார்?" என்று ஆயர் கேட்டார்.

"மொன்சென்யோர் என்கிறார்," என்றேன். வேறென்ன சொல்ல?

மனிதருக்கு ஒரே மகிழ்ச்சி. வரச் சொல்லி மறுபடி கேட்டார். வண்டி முதலாளியும், "போயிட்டு வாப்பா, நல்ல வாய்ப்பு," என்று சேர்ந்துகொண்டார். டிரில்லரின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ எரிச்சல். முடியாது என்பவரை எத்தனை தடவைதான் கேட்பது? அத்தனையையும் நான்தானே தமிழில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது!

அந்த நேரம் பார்த்து டிரில்லரின் போனில் வீடியோ கால் வந்தது.

"சொல்லு சாமி. சோறு உண்டாச்சா சாமி? அளுவாத சாமி, அப்பா வாரேன்."

ஆயர் என் பக்கம் திரும்பினார். "அது யார்? இன்னோர் ஆயரா?"

"அவர் மகள். மூன்று வயது. எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம், குழந்தைகளையும் அப்படித்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. போனுக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கொழுக அழுகிற ஒரு முகம். தொப்பியைக் கழற்றி, கொஞ்சம் குனிந்து, "மொன்சென்யோர்," என்றார். அழுகை சட்டென்று நின்றது.

"இவர் வர வேண்டாம் என்று சொல்லுங்கள்," என்றார் என்னிடம். "எங்கள் பையன்களை இங்கே அனுப்பிவைக்கிறேன்."

சொன்னேன். டிரில்லர் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார்.

"அப்பா எங்கயும் போகல சாமி."