அங்கம்மா பிரித்த பாசி

திருமழிசையில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக, வாஷர்களில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிறாள் அங்கம்மா. நாள் முழுக்கக் கண்ணில் லென்ஸ். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. கணவர் வேம்புலி சவரம் செய்துகொண்டு வந்தால், விட்டுப்போன இரண்டு முடியைக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

பருத்திப்பட்டில் அவர்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தவள் கிருஷ்ணப்பிரியா. நாகர்கோவில்காரி; கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. ஏரிக்கரைப் பாசிகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தவள், தை மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எட்தாறேன். இன்னா வேணும்னு மட்டும் சொல்லும்மா" என்றாள் அங்கம்மா.

"ஏரித் தண்ணி வழியுற கால்வாய்ச் சுவர்ல இருக்கும்க்கா. குட்டி இறகு மாதிரி, ரெண்டு பக்கமும் வரிசையா இலை. பேரு ஃபிசிடென்ஸ்."

ஞாயிறு காலை அங்கம்மா கம்பெனி லென்ஸில் பார்த்துத் தனித்தனியாகக் கட்டிய இரண்டு காகிதப் பொட்டலங்களோடு வந்தாள். கிருஷ்ணப்பிரியா பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டிலும் ஃபிசிடென்ஸ் என்று எழுதினாள்.

"இன்னாம்மா, ரெண்டுத்துக்கும் ஒரே பேரு எய்துற?"

"ஒண்ணுதானேக்கா?"

"இல்லம்மா. இதுல எலை நடுவால நரம்பு ஓடுது. அடியில சட்டப்பை மாரி பொளந்து தண்டப் புட்ச்சினு கீது. அதுல நரம்பும் இல்ல, பையும் இல்ல. எலையும் உருண்டையா கீது. கம்பெனில இப்டி கலந்து அனுப்சா பெட்டியோட திருப்பிடுவான்."

கிருஷ்ணப்பிரியா நுண்ணோக்கியில் குனிந்தாள். இரண்டாவது பொட்டலத்தில் இருந்தது பாசியே இல்லை. அதன் தூரத்துச் சொந்தமான வேறு இனம். அலமாரியிலிருந்த பழைய பொட்டலங்களையும் எடுத்துப் பார்த்தாள். பதினொன்றில் நான்கு கலப்பு. பட்டியலையோ போன வாரமே கல்லூரிக்கு அனுப்பியிருந்தாள். கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் போயி அய்வாங்களா? மொத வருசம் நான் ஒரு பெட்டியே கோட்டை உட்டேன். சூப்பர்வைசர் திட்ன திட்டுல ரெண்டு நாள் சோறு எறங்கல" என்று அவள் முதுகைத் தடவினாள் அங்கம்மா.

அடுத்த மூன்று ஞாயிறும் இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்தார்கள். வேம்புலி போண்டா வாங்கி வந்து, கேட்காமலே டார்ச் பிடித்தார். திருத்திய பட்டியலின் கடைசியில் 'பிரித்து உதவியவர்: அங்கம்மா வேம்புலி' என்று அச்சானது. "பாத்தியா, என் பேரும் வந்துட்ச்சு" என்று தெருவெல்லாம் சொன்னார் அவர்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, பங்குனியில் இருவரும் கால்வாய்க்குப் போனார்கள். தண்ணீர் வற்றியிருந்தது. பாசி சுருண்டு கறுத்துக் கிடந்தது.

"ஐயோ, செத்துப்போச்சே" என்றாள் அங்கம்மா.

கிருஷ்ணப்பிரியா பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். சற்று நேரத்தில் ஒவ்வொரு இலையாகப் பச்சையாக விரிந்தது.

"அடியே, தூங்கிக்கினு கீதுடி!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் அங்கம்மா.