ஞானத்தகப்பன் கிடைக்கவில்லை

போன ஞாயிறு ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். ஆண் குழந்தை. பெற்றோர் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ரொஷானும் டிலானியும். ஞானத்தாயாக என் மனைவி ஜெயந்தி நிற்பதென்று எப்போதோ முடிவாகிவிட்டது.

ஞானத்தகப்பன்தான் கிடைக்கவில்லை.

நீங்களே நின்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஜெயந்தி கத்தோலிக்கம், நான் வேறு சபை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மோட்டார் சைக்கிள் இரண்டு கோயில்களுக்கு ஓடும். கல்யாணத்துக்கு விட்டுக்கொடுத்த பாதர் இதற்கு விட்டுக்கொடுக்க மாட்டார்.

ரொஷானும் கேட்காத ஆளில்லை. ஒருவருக்கு அன்றைக்கென்று கொழும்புப் பயணம். இன்னொருவருக்கு முதுகுவலி. சொந்த மச்சான் மட்டும் நேராகச் சொன்னான்: "உனக்காக நான் அங்க நிண்டா, சனம் என்னையும் சேத்துத்தான் கதைக்கும்."

அப்படி என்ன கதைக்கும்?

சில வருடங்களுக்கு முன், டிசம்பரில், நத்தார் நெருங்கிய ஒரு நாள், ரொஷான் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடினான். பொழுதுபடும் நேரம். வாவியில் மீன்பிடித்துவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சேவியர் அண்ணனை மோதினான். அண்ணனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரொஷான் தண்டனை பெற்று மறியலுக்குப் போனான், திரும்பி வந்தான். இப்போது குடிப்பதில்லை. எந்த வாகனத்தையும் தொடுவதில்லை. வேலைக்கு நடந்துதான் போகிறான்.

இதில் மறைந்திருக்கும் கதை எதுவுமில்லை. உண்மையில் நடந்தது வேறு என்று கடைசியில் சொல்லி, உங்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பப் போவதுமில்லை. பிழை முழுக்க அவனுடையது. கோர்ட்டிலும் அவன் அதைத்தான் சொன்னான்.

போன மாதம் ஜெயந்தி மீன் வாங்க வாவிக்கரைக்குப் போயிருந்தாள். தோணியில் ஏற முடியாத சேவியர் அண்ணன் இப்போது அங்கே உட்கார்ந்து மற்றவர்களின் வலைகளைச் சரிசெய்து கொடுக்கிறார்.

"ரொஷாண்ட புள்ளைக்கு எப்ப ஞானஸ்நானம், தங்கச்சி?"

"இன்னும் நாள் வைக்கல்ல அண்ணன். ஞானத்தகப்பனுக்கு ஆள் இல்ல."

"ஏன்?"

ஏனென்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஜெயந்தி மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவருக்கு விளங்கிவிட்டது. வலையின் கிழிசல் ஒன்றைப் பொத்தி முடித்தாராம். பிறகு தலை நிமிராமலே கேட்டிருக்கிறார்.

"நான் நிண்டா பாதர் விடுவாரா?"

அடுத்த நாள் பின்னேரம் ரொஷானைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணனின் மனைவி ஆக்னஸ் அக்கா வாசலில் நின்றார். ரொஷானைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். குசினியில் பாத்திரங்கள் பலமாக மோதிக்கொண்டன.

ரொஷான் கதிரையில் உட்காரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றான்.

"அண்ணன்... நீங்க என்ன மன்னிச்சதே எனக்குப் பெரிய காரியம்..."

"மன்னிச்ச எண்டு ஆர் உனக்குச் சொன்ன?"

அண்ணன் தன் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"விடிய எழும்பி, இல்லாத கால நிலத்தில வைக்கப் போற நாள் இப்பவும் இரிக்கி. அண்டைக்கு உன்ன நல்லா ஏசுவன். அது எனக்கும் ஆண்டவருக்கும் இடையில உள்ள கதை. அதுக்கு அந்தப் புள்ள என்ன செஞ்ச?"

ரொஷான் அழுதான். அண்ணன் அவனைத் தேற்றவில்லை. பிறகு, "பாதர்ட்ட நாள் கேட்டு வை" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இரக்கத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்? ஆனாலும் ஒருவருக்கு இரக்கம் காட்டுவதற்கு முன் நாம் ஒரு விசாரணை வைக்கிறோம். அவன் நிஜமாகவே செய்தானா? வறுமையா? யாராவது தூண்டிவிட்டார்களா? ஏதாவது ஒரு சாட்டு கிடைத்தால்தான் மனம் இளகுகிறது. ஆனால் சாட்டு உள்ளவனை விட்டுவிடுவது வெறும் நியாயம்தானே? எந்தச் சாட்டும் இல்லாமல், செய்ததைச் செய்தேன் என்று வந்து நிற்கிறானே... அவனுக்கல்லவா இரக்கம் வேண்டும்?

இன்னொன்று. இரக்கம் காட்ட முதலில் நம் கோபமெல்லாம் தீர வேண்டும் என்று நினைத்திருந்தேன். சேவியர் அண்ணன் அப்படிக் காத்திருக்கவில்லை. கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு வந்தது. சேவியர் அண்ணன் கோயிலுக்குள் வர, சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஞானஸ்நானத் தொட்டியருகே பாதர் அழைத்தார். பிள்ளையை ஞானத்தகப்பன் கையில் கொடுக்க வேண்டும். ஊன்றுகோல் இரண்டும் கக்கத்தில் இருக்க, பிள்ளையை எப்படி வாங்குவது? ஜெயந்தி தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. இரண்டு ஊன்றுகோலையும் ரொஷானிடம் நீட்டினார்.

"இத வச்சிக்கொள். கிட்ட வந்து நில்."

அவன் தோளில் சாய்ந்துகொண்டு பிள்ளையை வாங்கினார். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டது. ரொஷான் அசையவேயில்லை. அவன் அசைந்தால் அண்ணன் விழுந்துவிடுவார்.

சாப்பாட்டுக்குக் கொழும்புப் பயணக்காரரும் வந்திருந்தார். முதுகுவலிக்காரர் புரியாணிச் சட்டியைத் தனியாகத் தூக்கினார். டிலானி இருவருக்கும் சிரித்த முகத்தோடு பரிமாறினாள். இரக்கம் தொற்றும் போலிருக்கிறது.

ஆக்னஸ் அக்கா வரவில்லை. எங்கள் மேசையிலேயே ஒரு அம்மா தொடங்கினார்: "பாத்தீங்களா? புருஷனுக்கு இரிக்கிற மனசு அவவுக்கு இல்ல."

ஜெயந்தி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவரத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, இவ்வளவு காலமும் பாத்த அவதான். அவவ விடுங்க."

இரக்கத்தைப் பாராட்டுகிற போதுகூட, பக்கத்தில் குறை சொல்ல நமக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.